300 மெகாபிட் இருந்தும் ஆட்டம் ஏன் திணறுகிறது?

திருச்சியில் அண்ணன் வீட்டில் இரவு எட்டரை மணி ஆனால் கூடத்திலிருந்து ஒரு கூக்குரல் எழும். அண்ணன் மகன் பிளேஸ்டேஷன் 5-இல், கோவையில் இருக்கும் நண்பனோடு சேர்ந்து இணையத்தில் கால்பந்து ஆடிக்கொண்டிருப்பான். அதுவரை ஒழுங்காக ஓடிய ஆட்டம் திடீரென்று திணறத் தொடங்கும். அவன் பொத்தானை அழுத்தி அரை விநாடி கழித்துத்தான் திரையில் வீரனின் கால் அசையும். அதற்குள் பந்து எதிரணியிடம் போயிருக்கும். அண்ணனும் தன்னால் ஆனதைச் செய்தார். விநாடிக்கு 100 மெகாபிட் திட்டத்தை 300-க்கு உயர்த்தினார். மாதக் கட்டணம் ஏறியது. எட்டரை மணிக் கூக்குரல் அப்படியே இருந்தது.

போன கோடை விடுமுறையில் அங்கே நான்கு நாள் தங்கினேன். கோளாறு முழுவதும் அந்த வீட்டு ரவுட்டரைச் சுற்றியே இருந்தது. அதைச் சரிசெய்யப் புதிதாக வாங்கியது ஒரு கேபிள் மட்டும்தான். இதே தொல்லையைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். எல்லோரும் முதலில் வேகத்தைத்தான் உயர்த்துகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாக விளக்க ஆசைப்படுகிறேன்.

ஆட்டத்தின்போது கன்சோல், அதாவது பிளேஸ்டேஷன் போன்ற விளையாட்டுப் பெட்டி, வெளியே அனுப்புவது மிகச் சிறிய செய்திகள். இந்த வீரன் இடப்பக்கம் திரும்பினான், இந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, அவ்வளவே. விநாடிக்குப் பல முறை போய் வந்தாலும், பெரும்பாலான ஆட்டங்களுக்கு மொத்தமாக விநாடிக்கு ஒரு மெகாபிட்கூடத் தேவைப்படாது. 300 மெகாபிட் உதவுவது ஆட்டத்தைத் தரவிறக்கும் நேரத்தில்தான். 80 ஜிகாபைட் அளவுள்ள ஆட்டம் 100 மெகாபிட்டில் இறங்க ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். 300-இல் முப்பத்தாறு நிமிடம் போதும். இறங்கி முடிந்தபின் அந்த வேகத்துக்கு வேலை இல்லை.

ஆடும்போது முக்கியம், ஒரு செய்தி, ஆட்டத்தை நடத்தும் தொலைதூரக் கணினியான சர்வருக்குப் போய்ப் பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான். அதைத்தான் பிங் என்கிறோம். அளப்பது மில்லி விநாடியில். விநாடிக்கு 60 படங்கள் காட்டும் ஆட்டத்தில் ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 17 மில்லி விநாடிதான் ஆயுள். பதில் வர 200 மில்லி விநாடி ஆனால், நீங்கள் அழுத்திய பொத்தானுக்குப் பதில் வருவதற்குள் பன்னிரண்டு படங்கள் கடந்துபோயிருக்கும். பிங் கூடுவதைவிடவும் கெட்டது அது நிலையில்லாமல் தாவுவது. 60 என்று நிலையாக நின்றால் கை பழகிவிடும். 20, 90, 30, 150 என்று குதித்தால் யாருக்கும் பழகாது. இந்தத் தாவலுக்கு ஜிட்டர் என்று பெயர். செய்தி வழியிலேயே தொலைந்துபோவதும் உண்டு. திரையில் எதிராளி ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் முளைப்பது பெரும்பாலும் அதனால்தான்.

ரவுட்டரால் எதைச் சரிசெய்ய முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப 10 மில்லி விநாடி ஆகியே தீரும். சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். அங்கே 29 மில்லி விநாடிக்குக் குறைய வழியே இல்லை. கேபிள் வளைந்து நெளிந்து போவதால் உண்மையில் இதைவிடக் கூடுதலாகத்தான் வரும். ஆட்டத்தின் அமைப்புகளில் எந்த ஊர் சர்வர் என்று தேர்ந்தெடுக்க வழி இருந்தால் அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தூரத்தை எந்த ரவுட்டரும் சுருக்காது. வீட்டுக்குள் சேரும் தாமதம் மட்டுமே நம் கையில் இருக்கிறது.

அந்தத் தாமதத்தில் முதல் பங்கு வைஃபைக்கு. ஒரே அலைவரிசையில் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் முறைவைத்துத்தான் பேச வேண்டும். ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்கும். பக்கத்து வீட்டு வைஃபையும் அதே வரிசையில் நிற்கும். அண்ணன் வீட்டில் ரவுட்டர் இருந்த இடம் இரும்பு பீரோவின் பின்பக்கம், இன்வெர்ட்டருக்கு மேலே. வைஃபை அலைக்கு இரும்பைவிடப் பெரிய சுவர் கிடையாது. அன்றைக்கே கடைக்குப் போய்ப் பதினைந்து மீட்டர் லேன் கேபிள் வாங்கிவந்து, கதவு நிலையின் ஓரமாக கிளிப் அடித்து, கன்சோல் வரை இழுத்தேன். கடையில் கேட் 5இ அல்லது கேட் 6 என்று கேட்டு வாங்குங்கள். கேட் 5இ கேபிளே நூறு மீட்டர் தூரத்துக்கு விநாடிக்கு ஒரு ஜிகாபிட் சுமக்கும். அதற்குமேல் விலை கொடுக்கத் தேவையில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியம்தான் உங்களால் செய்ய முடியும் என்றால், கேபிளைச் செய்யுங்கள்.

பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் லேன் துளை இருக்கிறது. நின்டெண்டோ ஸ்விட்ச் என்றால், 2021-இல் வந்த ஓலெட் மாடலின் தாங்கியில் இருக்கிறது. அதற்கு முந்தைய மாடலுக்குத் தனியாக யூ.எஸ்.பி. அடாப்டர் வேண்டும். கேபிள் இழுக்க வாய்ப்பே இல்லாத வீடுகளில் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பயன்படுத்துங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மைக்ரோவேவ் அடுப்பு முதல் புளூடூத் வரை எல்லாம் நெரிசலாகக் கிடக்கும். 2013-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4 மாடலுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் தெரியாது. அதை வைத்திருப்பவர்கள் ரவுட்டரில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். இந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

கேபிள் இழுத்ததும் பகல் நேர ஆட்டம் சீரானது. ஆனால் இன்னொரு குறை மிச்சம் இருந்தது. "சித்தப்பா, அவன் பேசுவது எனக்குக் கேட்கவே மாட்டேன் என்கிறது. மற்ற எல்லோரோடும் அவன் பேசுகிறான்" என்றான் பையன். இது வேகத்துக்கோ பிங்குக்கோ சம்பந்தமில்லாத தனி விஷயம். இதன் பெயர் நேட்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரிந்தது கட்டடத்தின் ஒரே முகவரி. உள்ளே எத்தனை வீடு, எந்த வீட்டில் யார் என்பது வாசலில் இருக்கும் காவலாளிக்கு மட்டுமே தெரியும். மூன்றாம் மாடிக்காரர் ஒரு கடிதம் அனுப்பும்போது காவலாளி தன் நோட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் வந்தால் நோட்டைப் பார்த்து மேலே அனுப்புகிறார். யாரும் கேட்காமல் புதிதாக ஒருவர் வந்து நின்றால், யாரைப் பார்க்க வந்தார் என்று தெரியாததால் திருப்பி அனுப்பிவிடுகிறார். உங்கள் ரவுட்டர்தான் அந்தக் காவலாளி. வெளி உலகுக்கு உங்கள் வீடு முழுவதும் ஒரே ஐ.பி. முகவரி, உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் உள் எண்.

சாதாரண இணையப் பக்கங்களுக்கு இந்த ஏற்பாடு போதும், ஏனென்றால் முதலில் கேட்பவர் எப்போதும் நாம்தான். விளையாட்டில் நிலைமை வேறு. பல ஆட்டங்களும் குரல் உரையாடலும் ஒரு கன்சோலிலிருந்து இன்னொரு கன்சோலுக்கு நேரடியாகப் பேச முயல்கின்றன. கோவை நண்பனின் கன்சோல் திருச்சி வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது காவலாளி அதைத் திருப்பி அனுப்பினால், குரல் வராது. சில ஆட்டங்களில் ஆள் சேர்வதே நடக்காது.

காவலாளி எவ்வளவு கறார் என்பதைக் கன்சோலே சொல்லிவிடும். நெட்வொர்க் அமைப்புகளில் இணைய இணைப்பைச் சோதிக்கும் பொத்தான் இருக்கும். பிளேஸ்டேஷன் அதை நேட் டைப் 1, 2, 3 என்று காட்டும். எக்ஸ்பாக்ஸ் ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட் என்கிறது. ஸ்விட்ச் ஏ, பி, சி, டி, எஃப் என்று மதிப்பெண் போடுகிறது. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் பிளேஸ்டேஷனுக்கு டைப் 2 வந்தாலே நல்லது. 1-ஐத் துரத்த வேண்டாம். டைப் 3, ஸ்ட்ரிக்ட், சி-க்குக் கீழே என்று வந்தால்தான் கவலை. பையனுக்கு வந்தது 3.

காரணம் என்னவென்று பார்க்க ரவுட்டருக்குள் போக வேண்டும். உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டச்சு செய்தால் உள்நுழையும் பக்கம் வரும். சரியான எண், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே போனதும் முதல் வேலையாக அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். எதையும் தொடுவதற்கு முன் பழைய அமைப்பை செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது பல முறை கைகொடுத்திருக்கிறது.

அண்ணன் வீட்டில் காவலாளிகள் இரண்டு பேர் இருந்தார்கள். இணைப்பு தந்த நிறுவனம் பொருத்திய ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். வைஃபை மாடிவரை எட்டவில்லை என்று அண்ணன் வாங்கிய இன்னொரு நல்ல ரவுட்டர் அதன் பின்னால் மாட்டப்பட்டிருந்தது. உள் வாசலில் அனுமதி வாங்கினாலும் வெளி வாசலில் தடை. இதை இரட்டை நேட் என்பார்கள். நம் வீடுகளில் மிக அதிகமாகக் காணும் கோளாறு இதுதான். தீர்வு இரண்டு. ஒன்று, நம் சொந்த ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றி, வைஃபை பரப்பும் வேலையை மட்டும் அதற்குக் கொடுப்பது. இரண்டு, நிறுவனத்தின் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லி, எல்லாப் பொறுப்பையும் நம் ரவுட்டரிடம் தருவது. அண்ணனின் ரவுட்டர் தரமானதாக இருந்ததால் இரண்டாவது வழியைப் பிடித்தேன். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னதும் மறுநாள் காலையே மாற்றிக் கொடுத்தார்கள்.

அடுத்து யூ.பி.என்.பி. என்ற அமைப்பு. இதை இயக்கினால், கன்சோல் தானே காவலாளியிடம் போய், "என்னைத் தேடி இந்த எண்ணில் ஆள் வரும், விடுங்கள்" என்று சொல்லி வைக்கும். அந்த வாசல் எண்தான் போர்ட். இதில் ஓர் ஆபத்து உண்டு. யூ.பி.என்.பி. கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை. கன்சோல் கேட்டாலும் திறக்கும். வைரஸ் புகுந்த கணினியோ மலிவான கண்காணிப்புக் கேமராவோ கேட்டாலும் திறக்கும். அப்படிப்பட்ட கருவிகள் நிறைய உள்ள வீட்டில் நான் அதை அணைத்துவிட்டு, வேண்டிய வாசலைக் கையாலேயே திறப்பேன். மற்ற வீடுகளில், ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருந்தால், இயக்கி வைக்கலாம் என்பது என் கருத்து.

கையால் திறப்பதை போர்ட் ஃபார்வர்டிங் என்பார்கள். முதலில் கன்சோலுக்கு எப்போதும் ஒரே உள் எண் கிடைக்கும்படி ரவுட்டரில் ஒதுக்கீடு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நாளை எண் மாறி, திறந்த வாசல் வேறு கருவிக்குப் போய்விடும். பிறகு எக்ஸ்பாக்ஸ் என்றால் 3074-ஐ டி.சி.பி., யூ.டி.பி. என்ற இரண்டு செய்தி அனுப்பும் முறைகளிலும், பிளேஸ்டேஷன் என்றால் 3478, 3479 இரண்டையும் இரு வகையிலும், 3480-ஐ டி.சி.பி.யிலும் அந்த உள் எண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும். வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் இருந்தால், ஒரே எண்ணை இரண்டுக்கும் தர முடியாது. ஒன்றில் நெட்வொர்க் அமைப்புக்குள் போய் மாற்று போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். டி.எம்.இசட். என்று ஒன்று கண்ணில் படும். அது காவலாளியை எழுப்பி அனுப்பிவிட்டு வாசலை முழுக்கத் திறந்து போடுவது, தொட வேண்டாம். எந்த மாற்றத்துக்குப் பிறகும் ரவுட்டரையும் கன்சோலையும் முழுமையாக அணைத்து இயக்குங்கள். உறக்க நிலையில் இருந்த கன்சோல் பழைய நிலையையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இத்தனையும் செய்தும் ஸ்ட்ரிக்ட் மாறவில்லையா? அப்போது வீட்டுக்கு வெளியே மூன்றாவது காவலாளி இருக்கலாம். ஐ.பி.வி.4 எனப்படும் பழைய வகை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலக அளவிலான கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதை சி.ஜி. நேட் என்கிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டர் பக்கத்தில் அதன் வெளிப்பக்க முகவரியாக, வான் ஐ.பி. என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் சி.ஜி. நேட்தான், அந்தத் தொகுதி இதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்டது. 10 என்று தொடங்கினாலும், உங்கள் முகவரி எது என்று இணையத்தில் தேடினால் வரும் எண்ணோடு பொருந்தாவிட்டாலும் அதே கதைதான். சென்னையில் என் வீட்டில் 100.72 என்று இருந்தது. அங்கே எத்தனை போர்ட் திறந்தும் பயனில்லை. நிறுவனத்திடம் நிலையான பொது ஐ.பி. கேட்டு, கூடுதல் கட்டணம் கட்டிய பிறகுதான் வழி திறந்தது. பணம் கட்டுவதற்கு முன் ரவுட்டரில் ஐ.பி.வி.6 என்ற புதிய முகவரி முறை இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். சில வீடுகளுக்கு அதுவே போதும்.

அண்ணன் வீட்டில் வான் ஐ.பி. சரியாக இருந்தது. பிரிட்ஜ் மாற்றத்தோடு டைப் 2 வந்தது, நண்பனின் குரலும் வந்தது. ஆனால் எட்டரை மணி?

மூன்றாம் நாள் இரவு கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். கட்டளைத் திரையைத் திறந்து 8.8.8.8 என்ற கூகுள் சர்வரின் முகவரிக்கு இடைவிடாமல் பிங் ஓடவிட்டேன். 14, 15, 14, 14 என்று எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. எட்டு முப்பத்திரண்டுக்கு வாசலில் அண்ணியின் ஸ்கூட்டர் சத்தம். அண்ணி நடனப் பள்ளி நடத்துகிறார். உள்ளே வந்தார், பையை வைத்தார், செல்பேசியைச் சார்ஜில் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் 90, 210, 385, 410. அதே நொடியில் அறைக்குள்ளிருந்து பையனின் கூக்குரல். மாலை வகுப்பில் எடுத்த வீடியோக்கள் வீட்டு வைஃபை கிடைத்ததும் தாமாக இணையச் சேமிப்பகத்துக்கு ஏறத் தொடங்கியிருந்தன. அண்ணன் உயர்த்தியது தரவிறக்க வேகத்தை. பதிவேற்ற வேகம் பழைய 20 மெகாபிட்டிலேயே நின்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் சென்னை திரும்பும் இரவில் பரனூர் சுங்கச்சாவடியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சாலை எவ்வளவு அகலமானாலும் வண்டிகள் சாவடியில் வரிசை கட்டியே ஆக வேண்டும். வீடியோ துண்டுகள் லாரிகள். கன்சோலின் சிறு செய்தி, லாரிகளுக்குப் பின்னால் சிக்கிய ஆம்புலன்ஸ். ரவுட்டரில் இந்த வரிசை நிற்கும் இடத்துக்கு பஃபர் என்று பெயர். எதையும் தொலைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதைப் பெரிதாக வைத்துவிடுகிறார்கள். ஒரு மெகாபைட் பஃபர் நிரம்பினால், 20 மெகாபிட் வழியில் அது காலியாக 0.4 விநாடி, அதாவது 400 மில்லி விநாடி ஆகும். திரையில் நான் பார்த்த 410-க்கு இதுதான் கணக்கு.

ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கக் கணினிப் பொறியாளர் 2010-இல் தன் வீட்டு இணைப்பிலேயே இந்தச் சிக்கலை உற்றுக் கவனித்து, பஃபர் புளோட் என்ற பெயரோடு உலகுக்குச் சொன்னார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற வழிமுறையைத் தந்தார்கள். எவ்வளவு நீளமான வரிசை என்று பார்க்காமல், ஒரு செய்தி எவ்வளவு நேரம் வரிசையில் நின்றது என்று பார்ப்பதுதான் அதன் சாரம். அதிலிருந்து வளர்ந்த எஃப்.கியூ. கோடெல், கேக் இரண்டும் ஒவ்வொரு கருவியின் உரையாடலுக்கும் தனி வரிசை அமைத்து, சிறு செய்தியை முன்னே விடுகின்றன. ரவுட்டர் அமைப்பில் எஸ்.கியூ.எம். என்ற பெயரில் இதைத் தேடுங்கள். ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. மென்பொருள் ஏற்றக்கூடிய ரவுட்டர்களில் இலவசமாகவே கிடைக்கிறது.

இதை இயக்கும்போது ஒரு எண் கேட்கும், அங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். முதலில் நெரிசல் இல்லாத நேரத்தில் வேகத்தை அளந்து, அதில் 85 முதல் 90 விழுக்காட்டை மட்டும் எழுதுங்கள். முழு வேகத்தையும் எழுதினால், வரிசை நம் ரவுட்டரைத் தாண்டி நிறுவனத்தின் கருவியில் போய்ச் சேரும். அங்கே நம் பேச்சு செல்லாது. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால், வரிசை நம் கண்முன்னே நிற்கும், ஒழுங்குபடுத்தலாம். 20-க்கு 17 என்று எழுதினேன்.

எஸ்.கியூ.எம். இல்லாத ரவுட்டரில் கியூ.ஓ.எஸ். என்ற பெயரில் கருவிவாரியாக முன்னுரிமை தரும் பக்கம் இருக்கும். கன்சோலுக்கு முதலிடம் கொடுங்கள், அல்லது பதிவேற்றும் செல்பேசிக்கு ஓர் உச்ச வரம்பு போடுங்கள். அதுவும் இல்லையென்றால், வீடியோக்களை நள்ளிரவுக்குப் பிறகு ஏற்றும்படி வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

டி.என்.எஸ். மாற்றினால் பிங் குறையும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டி.என்.எஸ். சர்வரின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் தொலைபேசிப் புத்தகம். ஆட்டம் தொடங்கிய பிறகு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நான்காம் நாள் இரவு மறுபடியும் பிங் ஓடவிட்டேன். எட்டு முப்பத்தைந்துக்கு அண்ணி வந்தார், செல்பேசியைச் சார்ஜில் போட்டார். 14, 15, 19, 22, 21. அறைக்குள் இரண்டு பையன்களின் குரல் கேட்டது. ஒன்று திருச்சியிலிருந்து, மற்றொன்று தொலைக்காட்சிப் பெட்டியின் வழியாகக் கோவையிலிருந்து. வீடியோ ஏறி முடிய அன்றைக்கு வழக்கத்தைவிடச் சில நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. அண்ணி அதைக் கவனிக்கவே இல்லை.